தீபாவளியன்று வானொலி நிலையத்திற்கு வந்த அண்ணல்



தீபாவளி என்று சொன்ன மாத்திரத்தில் உங்களுக்கு எது முதலில் நினைவுக்கு வருகிறது? எண்ணெய்க் குளியலா, முறுக்கா, புதுச் சட்டையா? என்னைக் கேட்டால் வானொலிப் பெட்டி என்றுதான் சொல்வேன். தோட்டத்து லயத்திலே வளர்ந்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். இருட்டு விலகுமுன்னே யாராவது ஒருவர் வீட்டில் பெட்டியைத் திருகிவிடுவார்கள். நாதஸ்வர ஓசை லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும். எங்கள் வீட்டில் பெட்டி கிடையாது. அதற்காக நாங்கள் ஒன்றும் இழந்துவிடவில்லை. பலகைச் சுவர்தானே, அடுத்த வீட்டுப் பாட்டு எங்கள் வீட்டுப் பாட்டுதான்.

பாட்டு முடிந்ததும் பேச்சு வரும். பெரியவர்கள் வாழ்த்துரை சொல்வார்கள். நாங்கள் பிள்ளைகள், "இந்தப் பேச்சு எப்போ முடியும், பாட்டு எப்போ வரும்" என்று காத்துக்கிடப்போம். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் அல்லவா! பண்டிகை நாளின் வானொலிப் பேச்சு என்றால் காதில் விழும், மனத்தில் நிற்காது. இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஆனால் ஒரே ஒரு தீபாவளிப் பேச்சு, எழுபது ஆண்டுகள் கடந்தும் ஒலிபரப்பப்பட்டுக்கொண்டிருக்கிறது. 1947-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், புதன்கிழமை பிற்பகல், டில்லி வானொலி நிலையத்தில் பேசப்பட்டது அது. நேரம் சுமார் இருபது நிமிடம். பேசியவர் காந்தியடிகள். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை என்று ஒரு தமிழ்ப்பள்ளிக்கே அவர் பெயரை வைத்திருக்கிறோம். அவருடைய படம் மாட்டாத தமிழ்ப்பள்ளியை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் அவர் வானொலியில் பேசிய கதையைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? போன வருடம் வரை எனக்கே சரியாகத் தெரியாது. அதனால்தான் இந்த மலரில் அதை எழுதலாம் என்று துணிந்தேன்.

முதலில் ஒரு தவற்றைத் திருத்திவிடுவோம். காந்தியடிகள் வாழ்நாளில் வானொலியில் பேசியது அந்த ஒரு தடவைதான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியன்று. 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்காக அவர் இலண்டன் போனாரே, அப்போது கிங்ஸ்லி ஹால் என்னும் இடத்தில் தங்கியிருந்தார். போய் இறங்கிய மறுநாளே, செப்டம்பர் 13-ஆம் தேதி, அங்கிருந்து அமெரிக்க மக்களுக்கு வானொலியில் பேசினார். ஒலிவாங்கியைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளேயா பேசணும்?" என்ற பாவனையில் ஏதோ கேட்டாராம். அதற்குள் ஒலிபரப்பு தொடங்கிவிட்டதால், அந்தக் கேள்வியும் கடல் தாண்டி அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது! பார்க்கப்போனால் அமெரிக்கர்கள் கேட்ட முதல் காந்தி வாசகமே அதுதான்.

அப்படியிருக்க, சொந்த நாட்டு வானொலி நிலையத்தின் வாசற்படியை அவர் 1947 வரை மிதிக்கவில்லை. ஏன்? அது சொந்த நாட்டு வானொலியாக இல்லை என்பதுதான் காரணம். அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936-இல் வந்தது. பெயர்தான் அகில இந்தியா, பிடி எல்லாம் ஆங்கிலேய அரசின் கையில். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் 1942 ஆகஸ்டில் வெடித்தபோது தலைவர்கள் அத்தனை பேரும் சிறையில். வானொலியோ அரசாங்கம் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போது பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயதுக் கல்லூரிப் பெண்ணும் அவருடைய தோழர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே ஓர் இரகசிய வானொலியை ஆரம்பித்துவிட்டார்கள். 42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி ஒலிபரப்பினார்கள். போலீசார் மோப்பம் பிடித்துவிடாமல் இருக்க அடிக்கடி வீடு மாற்றினார்கள். அகில இந்திய வானொலியின் ஆங்கிலப் பெயர் எழுத்துகளைக் கொண்டே அதற்கு 'இந்திய விரோத வானொலி' என்று கேலிப் பெயரும் சூட்டினார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் நடந்தது அந்தத் துணிச்சல். பிறகு பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டுச் சிறை.

அவர்கள் பிடிபட்ட தேதியைக் கவனியுங்கள்: 1942 நவம்பர் 12. சரியாக ஐந்து ஆண்டு கழித்து அதே நவம்பர் 12-இல்தான் காந்தியடிகள் டில்லி நிலையத்திற்குள் நுழைந்தார். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. ஆனாலும் இதைப் படித்த அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொரு நாளையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1947 ஆகஸ்டு 15, சுதந்திரத் திருநாள். டில்லியில் நள்ளிரவில் நேரு பேசிய பேச்சை உலகமே கேட்டது. காந்தியடிகள் டில்லியிலேயே இல்லை. கல்கத்தாவில், கலவரம் நடந்த பகுதியில் ஒரு பழைய வீட்டில் தங்கி, அன்று உண்ணாநோன்பு இருந்தார். வானொலிக்குச் செய்தி வேண்டும் என்று அரசாங்கத் தரப்பில் ஆள் வந்தது. சொல்ல ஒன்றுமில்லை, உள்ளே வறண்டுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பி.பி.சி. கேட்டது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிடட்டும் என்றார். நாடே கொண்டாடிய நாளில் வாய் திறக்க மறுத்த மனிதர், மூன்றே மாதத்தில் தாமாகவே ஒலிவாங்கி முன்னால் வந்து உட்கார்ந்தார் என்றால், நடுவில் என்ன நடந்தது?

நடந்தது பிரிவினை. இந்தியா ஒரு நாடாகவும் பாக்கிஸ்தான் ஒரு நாடாகவும் பிரிந்தபோது, பஞ்சாப் மாநிலம் நடுவே பிளந்தது. அந்தப் பக்கத்து இந்துக்களும் சீக்கியர்களும் இந்தப் பக்கம் ஓடிவர, இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். இடம் பெயர்ந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். மாண்டவர்கள் இரண்டு லட்சம் என்பாரும் உண்டு. பத்து லட்சத்தைத் தாண்டும் என்பாரும் உண்டு. இரு பக்கமும் செய்த கொடுமைகளை இங்கே விரித்து எழுத மனம் வரவில்லை. பிள்ளைகள் படிக்கும் மலர் இது.

செப்டம்பர் 9-ஆம் தேதி காந்தியடிகள் டில்லி வந்து சேர்ந்தார். பஞ்சாபுக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். டில்லியே பற்றி எரிந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். வழக்கமாக அவர் தங்கும் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு அகதிகளால் நிரம்பிவிட்டதால் பிர்லா மாளிகையில் தங்கவைத்தார்கள். அந்த அக்டோபரில் அவருக்கு வயது 78 நிறைந்தது.

இனி குருட்சேத்திரத்துக்கு வருவோம். ஆமாம், மகாபாரதப் போர் நடந்ததாக நாம் கதையில் கேட்கிறோமே, அதே குருட்சேத்திரம்தான். டில்லிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். அங்கே வெட்டவெளியில் அகதிகளுக்கு ஒரு கூடார நகரம் எழும்பியது. ஒரு லட்சம் பேருக்கு என்று போட்ட திட்டம், கடைசியில் அதைப்போல் மூன்று மடங்கு பேர் வந்து சேர்ந்தார்கள். சில நாட்களில் ஒரே நாளில் இருபதாயிரம் பேர் வரை வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு 100 டன் கோதுமை மாவு வேண்டியிருந்தது. நம் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்துப் போடுவதற்குள் நாக்குத் தள்ளிவிடுகிறது. தினம் தினம் நூறு டன் மாவு என்றால் யோசித்துப் பாருங்கள். சமாளிக்க முடியாமல் மைய அரசு முகாம் நிர்வாகத்தை இராணுவத்திடம் ஒப்படைத்தது.

சிறுவர்களுக்காக ஒரு செய்தி. அந்த முகாமில் பொழுது போகாமல் தவித்தவர்களுக்கு டில்லியிலிருந்து படக்கருவி கொண்டுவந்து இரவில் படம் காட்டினார்கள். மிக்கி மவுஸ், டொனால்ட் டக் படங்கள்! பதினைந்தாயிரம் பேர் வரை தரையில் உட்கார்ந்து பார்த்தார்களாம். வீட்டையும் உற்றாரையும் இழந்தவர்கள் ஒரு வாத்தைப் பார்த்துச் சிரித்த காட்சியை நினைத்தால் என்னமோ செய்கிறது.

இந்த மக்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று காந்தியடிகள் துடித்தார். நவம்பர் 10-ஆம் தேதி பாதி வழியான பானிப்பட்டுவரை போய் வந்தார். குருட்சேத்திரம் போக முடியவில்லை. காங்கிரஸ் கட்சியின் முக்கியக் கூட்டங்கள் டில்லியில் நடக்கும் சமயம், அவர் இல்லாமல் தீராது. அப்போதுதான் வானொலி வழியாகப் பேசினால் என்ன என்ற யோசனையைத் தொழிலதிபர் கனஷியாம்தாஸ் பிர்லா சொன்னார். காந்தியடிகள் இணங்கினார். முகாம் பொறுப்பில் இருந்த ஜெனரல் நாத்து சிங்கும் தற்செயலாக அவரை வந்து சந்தித்து, அங்குள்ள நிலைமையை விவரமாகச் சொல்லிவிட்டுப் போனார். பேச்சுக்கான சரக்கு அப்படித்தான் கிடைத்தது.

குறித்த நாள் தீபாவளி. நமக்குத் தீபாவளி என்றால் நரக சதுர்த்தசி, விடியற்காலை எண்ணெய்க் குளியல். வடக்கே அப்படியல்ல. அமாவாசை இரவில் வரிசை வரிசையாக அகல் விளக்கு ஏற்றுவதுதான் அவர்களுக்குத் தீபாவளி. பகலெல்லாம் வீட்டுக்கு வீடு விளக்குத் துடைத்துத் திரி போட்டு வைக்கிற நேரத்தில், காந்தியடிகள் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுருடன் நாடாளுமன்றச் சாலையில் உள்ள வானொலி நிலையத்திற்கு வந்து இறங்கினார்.

நிலையத்தார் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். அவர் நாள்தோறும் பிரார்த்தனைக் கூட்டத்தில் உட்காருவது தாழ்வான ஒரு பலகை மேடையில். அதே மாதிரி ஒன்றை ஒலிப்பதிவு அறைக்குள் போட்டு, பிரார்த்தனைக் கூட்டத்தின் சூழலையே அங்கே உண்டாக்கிவிட்டார்கள். நாற்காலி மேசை போட்டு உட்காரவைத்திருந்தால் பேச்சு இயல்பாக வந்திருக்காது என்றே எனக்குப் படுகிறது. மேடையில் பேசிப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளில்லாத அறையில் ஒரு கருவியைப் பார்த்துப் பேசுவது எவ்வளவு சங்கடம் என்று சொல்வார்கள். பிரார்த்தனைக் கூட்டப் பேச்சுகளை வானொலியார் பதிவு செய்வது அப்போது வழக்கமாக இருந்தது. ஆனால் அங்கே அவர் எதிரே மக்கள் இருந்தார்கள். இங்கே மக்கள் இருப்பது 160 கிலோமீட்டருக்கு அப்பால்.

முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டாராம். தொடங்கிய பிறகு தயக்கம் போய்விட்டது. இந்துஸ்தானி மொழியில் பேசினார். துன்பப்படும் சகோதர சகோதரிகளை விளித்துவிட்டு, நீங்கள் மட்டும் கேட்கிறீர்களா, மற்றவர்களும் கேட்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது என்ற பொருளில் ஆரம்பித்தார். தமக்கு வானொலியில் நாட்டம் கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. வானொலி நிலையத்திலேயே உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்ல அவரால்தான் முடியும்! ஆனால் அதே கருவியில் இறைவனின் சக்தியைக் காண்கிறேன் என்றும் அன்று அவர் சொன்னதாக வானொலியார் பெருமையோடு எடுத்துக்காட்டுவார்கள்.

பிறகு சொன்னவை இவை. இராணுவத்தை அங்கே அனுப்பியது உங்களை அடக்குவதற்கு அல்ல, பெரிய முகாம்களை நடத்தும் பழக்கம் அவர்களுக்குத்தான் உண்டு என்பதால். நீங்கள் இருப்பது முகாம் அல்ல, ஒரு நகரம். உங்களை ஒன்றாக இணைப்பது நீங்கள் பட்ட துன்பம் ஒன்றுதான். ஆனால் அங்கே அதிகாரிகளோடும் சரி, பக்கத்துக் கூடாரத்தாரோடும் சரி, போதிய ஒத்துழைப்பு இல்லை என்று கேள்விப்பட்டு வருந்துகிறேன். குறையைச் சுட்டிக்காட்டுவதே உண்மை நட்பு. பஞ்சாபில் குளிர் ஏறிக்கொண்டே போகிறது, உங்களில் பலருக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை என்பது என்னை வாட்டுகிறது. இன்று தீபாவளி. உங்களுக்கும் விளக்கு ஏற்றுவதில்லை, எங்களுக்கும் இல்லை. உங்களுக்குத் தொண்டு செய்வதே எங்கள் தீபாவளி. சகோதரர்களாய்க் கூடி வாழ்வதே உங்கள் தீபாவளி.

இதைப் பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு வாக்குவாதமே நடந்தது. சக ஆசிரியர் ஒருவர் விடவில்லை. "என்ன ஐயா இது! வீடு வாசல் எல்லாம் போயி, கூடாரத்துல குளிர்ல நடுங்கிக்கிட்டு இருக்கிறான். அவன்கிட்ட போயி, அதுவும் தீபாவளி அன்னிக்கு, உங்ககிட்ட குறை இருக்குன்னு சொல்லுறதா? ஒரு ஆறுதல் வார்த்தை போதாதா?" என்றார்.

நியாயமான கேள்விதான். நானும் முதலில் அப்படியே நினைத்தேன். ஆறுதல் சொல்லாமல் இல்லை, சொன்னார். ஆனால் அதோடு நிற்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த முகாமில் இருந்தவர்களை எல்லாரும் 'அகதி' என்ற ஒரே கண்ணோடுதான் பார்த்தார்கள். மாவு அளந்து போட வேண்டிய தலைக்கணக்கு. காந்தியடிகள் ஒருவர்தான் அவர்களைக் குடிமக்களாகப் பார்த்து, நீங்களும் ஒரு நகரத்தை நடத்துகிற பொறுப்புள்ளவர்கள் என்று பேசினார். குறை சொல்வதற்கும் ஒரு மரியாதை வேண்டும். யாரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லையோ அவரிடம் நாம் குறை சொல்வதில்லை. நண்பர் இதை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. "நேர்ல போயிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். அதை நான் மறுக்கவில்லை. காந்தியடிகளே மறுத்திருக்கமாட்டார், போக முடியவில்லையே என்றுதான் பேச்சையே தொடங்கினார்.

எத்தனை பேர் அன்று கேட்டிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பிரிவினைக்குப் பிறகு இந்தியாவின் பங்கில் மிஞ்சிய நிலையங்கள் ஆறே ஆறு: டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, லக்னோ. லாகூர், பெஷாவர், டாக்கா மூன்றும் பாக்கிஸ்தானுக்குப் போய்விட்டன. இந்த ஆறும் சேர்ந்து எட்டியது நாட்டின் பரப்பில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு, மக்கள் தொகையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு. அகதிக்குச் சொந்தப் பெட்டி ஏது? கூட்டமாய் நின்று ஒலிபெருக்கியில்தான் கேட்டாக வேண்டும். அப்போது செய்தி ஒலிபரப்புத் துறையும் சர்தார் வல்லபாய் பட்டேல் கையில்தான் இருந்தது. சொந்த அரசின் வானொலியாக அது மாறி மூன்று மாதம்கூட நிறையவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் எதை விரோதி என்று உஷா மேத்தா ஏசினாரோ, அதே நிலையம் இப்போது வீடிழந்த ஏழைக்குப் பேசியது. அரசாங்கத்துக்காகப் பேசும் வானொலி மக்களுக்காகப் பேசும் வானொலியாக மாறியது எந்த நாளில் என்று என்னைக் கேட்டால், ஆகஸ்டு 15-ஐச் சொல்லமாட்டேன், இந்தத் தீபாவளியைத்தான் சொல்வேன். இந்தியாவிலும் அப்படி நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டிலிருந்து நவம்பர் 12 அங்கே பொதுமக்கள் ஒலிபரப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது.

அன்று மாலை வழக்கம்போல் பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக் கூட்டம். அங்கும் தீபாவளியைப் பற்றியே பேசினார். இராவணனை இராமன் வென்று இராமராஜ்யம் அமைந்ததைக் கொண்டாடுவதுதான் வடக்கத்தியத் தீபாவளி. இன்று நாட்டில் இராமராஜ்யம் எங்கே இருக்கிறது, நாம் எதைக் கொண்டாட, உள்ளத்தில் இராமனை வைத்திருப்பவனே கொண்டாடலாம் என்று சொன்னார். மறுநாள் விக்கிரம ஆண்டுப் பிறப்பு, அதற்கு வாழ்த்தும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் வானொலி நிலையத்திற்குப் போகவே இல்லை. இன்னும் பதினொரு வாரம்தான் அவருக்கு இருந்தது. 1948 ஜனவரி 30 மாலை அதே பிர்லா மாளிகைத் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று இரவு நேரு குரல் தழுதழுக்க நாட்டுக்கு அந்தச் செய்தியை வானொலியில் சொன்னார். மறுநாள் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ என்ற அறிவிப்பாளர் ஏழு மணி நேரம் வர்ணித்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை. இடம் போதாது.

குருட்சேத்திர மக்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிள்ளைகள் கேட்பார்கள். பலரைப் பல ஊர்களில் குடியமர்த்தினார்கள். எஸ்.கே. டே என்ற பொறியாளர் ஒருவர் அந்த முகாமில் அகதிகளுக்குக் கைத்தொழில் பழக்க ஆரம்பித்தார். சும்மா உட்காரவைத்துச் சோறு போட்டால் மனிதன் உள்ளுக்குள்ளே செத்துப்போவான் என்பது அவர் கருத்து. பிறகு அவர்களில் ஒரு பகுதியினரைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் ஒரு சதுப்பு நிலத்துக்குப் போனார். அவர்களே தண்ணீரை வடித்து, மேடு தூர்த்து, வீடு கட்டி, பட்டறை வைத்து ஓர் ஊரை உண்டாக்கினார்கள். நிலோக்கேரி என்பது அதன் பெயர். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தியடிகள் பிறந்த நாளில், இந்தியா முழுக்கத் தொடங்கப்பட்ட சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு அந்த ஊரும் ஒரு முன்மாதிரி ஆனது. டே பின்னாளில் அத்துறைக்கே அமைச்சரானார்.

இன்றும் டில்லியிலிருந்து இரயிலில் வடக்கே போனால், கர்னாலைத் தாண்டி, குருட்சேத்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஊர் நிலையம் வரும். விரைவு வண்டிகள் எல்லாம் அங்கே நிற்பதில்லை. பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டுமானால் சன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.